அசையாதீங்கக்கா

அசையாதீங்கக்கா, நான் தலைமாட்டுப் பக்கம் வரேன். இடுப்புல இம்மாம்பெரிய கம்பிய மாட்டி வச்சிருக்காங்க, நீங்க பாட்டுக்கு எழுந்துக்கப் பாக்குறீங்க. பன்னெண்டு நாளா மல்லாக்கவே கெடந்தா முடி சிக்காகாம என்ன செய்யும்? சீப்பைக் குடுங்க.

வலிக்குதா? சரி சரி, மெதுவா.

எங்க பாப்பாவா? பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். ஐயோ, என்னைப் போய் தெய்வம் கிய்வம்னெல்லாம் சொல்லாதீங்க. ஒன்னு சொல்லணும்னுதான் தெனமும் வரேன். நீங்க வா தங்கச்சின்னதும் பிளாஸ்க்கைக் கழுவப் போயிடுறேன்.

இடது பாதம் இன்னும் தூக்க வரலையா? ம். நேத்து டாக்டர் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்ப நானும் பிளாஸ்க்கோட நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். லாரி இடிச்சதுல இடுப்பெலும்புதான் உடைஞ்சுதாம். ஆடாம அசையாம பலகையில கொண்டாந்திருந்தா கால் நரம்பு தப்பிச்சிருக்கலாமாம். காலை யாரு மடக்கினதுன்னு கேட்டாரு.

ஆமா, அப்புறம் நீங்க திட்டினீங்க. மடக்கினவங்க கை வெளங்காமப் போகட்டும்னு. நல்லாவே திட்டினீங்கக்கா. நான் அதைக் கேட்டுக்கிட்டே உங்க காலைத் தொடைச்சு விட்டேன்.

யாருன்னா? கூட்டம்க்கா. எங்க தையல் கடைக்கு எதிர்லதானே விழுந்தீங்க. பட்டன் தைச்சுக்கிட்டிருந்தவ கையில ஊசியோட ஓடியாந்தேன். ஒரு பெரியவரு, தொடாதீங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்னு தொண்டை கிழியக் கத்தினாரு. கேட்டிருக்கணும். ஆனா உங்க துணி தொடை வரைக்கும் விலகிக் கெடந்துது. சுத்தி அத்தனை ஆம்பளைங்க. ஒருத்தன் போனை வேற தூக்கிப் பிடிக்கிறான். எனக்குக் கடையில அளவெடுக்கவே கூச்சம், உங்கள அப்படிப் பாக்க முடியல. மொதல்ல மறைக்கணும், அது ஒன்னுதான் மண்டையில ஓடுச்சு. அப்பப் பாத்து ஒரு கார் நின்னுச்சு, தலைப் பக்கம் யாரோ தூக்கிட்டாங்க. பின்சீட்டுல நீட்டிப் படுக்க எடம் பத்தல. விடுங்க விடுங்கன்னு நீங்க கத்தினீங்க. கூச்சத்துலதான் கத்துறீங்கன்னு நெனச்சு, துணியை இழுத்து விட்டு, ரெண்டு முட்டியையும் சேத்துப் பிடிச்சு, மடக்கி உள்ள தள்ளி...

ஆமாக்கா. கால் பக்கம் நான்தான்.

திரும்பாதீங்க, கம்பி இழுக்கும். திட்டணும்னா அப்படியே படுத்துக்கிட்டுத் திட்டுங்க. நர்ஸைக் கூப்பிடணும்னா மணி உங்க வலது கைக்கிட்டயே இருக்கு. நான் எங்கயும் ஓடல.

சிக்கெல்லாம் எடுத்தாச்சு. பாதி பின்னியிருக்கேன். முடிக்கட்டுமாக்கா, இல்ல கையை எடுத்துடட்டுமா?