துளையில்லாத பதினான்காவது அட்டை

கைப்பற்றுப் பட்டியலில் பதினான்காவதாக உள்ள அட்டையை என் பட்டறைக்குள் கொண்டுவந்து வைத்தவர் காலணி கம்பெனியின் மேலாளர். இதை முதலில் எழுதும்படி காவல் நிலையத்தில் கேட்டேன், எழுதப்பட்டது.

என் வயது இருபத்தொன்பது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள சந்தில் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, நாள் முழுக்க நின்று வேலை செய்யும் நர்சுகளுக்கான காலணி செய்கிறேன். அக்கா தைக்கிறாள். இன்னும் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். அதற்கு முன் மேற்படி கம்பெனியில் ஆறு வருடம் தோல் வெட்டினேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு நீதிமன்றம் நியமித்த ஆணையர், கம்பெனி வக்கீல், மேலாளர் ஆகிய மூவரும் வந்தார்கள். கம்பெனியின் வடிவங்களை நான் திருடியதாக வழக்கு என்றும், சோதனை போட்டு எடுத்துச் செல்ல உத்தரவு என்றும் ஆணையர் சொன்னார். எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கிய உத்தரவு. நான் கதவை மறிக்கவில்லை, உத்தரவை முழுக்கப் படித்தேன். கம்பெனி ஆள் பொருளை அடையாளம் காட்டலாம், தொடக் கூடாது என்று அதில் இருந்தது.

அதன் பிறகு சுவரில் தொங்கிய, தோல் வெட்டுவதற்கான அளவு அட்டைகளை ஆணையர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பதின்மூன்று இருந்தன. அதன் பிறகு கம்ப்யூட்டரைப் பார்க்க வக்கீலுடன் முன்னறைக்குப் போனார், கடவுச்சொல் போட நானும் போனேன். மேலாளர் வெட்டுமேசை அருகிலேயே நின்றார். தையல் மெஷினில் இருந்த அக்கா, "ஏன்டி, அந்த ஆளு தன் பையத் திறக்கிறாரு, என்னன்னு வந்து பாரு" என்று கத்தினாள். நான் போவதற்குள் மேலாளர் வெட்டுப்பலகையைத் தூக்கி, "சார், இங்க ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்று ஆணையரைக் கூப்பிட்டார்.

எங்கள் அட்டை ஒவ்வொன்றிலும் குதிகால் பக்கம் ஒரு துளை உண்டு. வரைந்து வெட்டியதும் முதல் வேலை துளை போடுவதுதான். தோலின் மேல் அட்டை நகராமல் இருக்க அந்தத் துளையில்தான் ஊசி குத்துவோம், வேலை முடிந்தால் அதே துளையில் ஆணியில் மாட்டுவோம். கம்பெனியில் அட்டையின் மேல் இரும்பு எடை வைத்து வரைவார்கள், துளை போட மாட்டார்கள். பலகைக்கு அடியில் இருந்து வந்த அட்டையில் துளை இல்லை. ஓரத்தில் கை அழுக்கோ பசையோ இல்லை.

அக்கா ஆணையரிடம், "இந்த ரூம்ல ஆணியில தொங்காம இருக்கிறது நாங்க அஞ்சு பேருதான் சார்" என்றாள். மேலாளர், "ஆறு வருஷம் எங்ககிட்ட கத்துக்கிட்டு எங்களுக்கே போட்டியாம்மா?" என்றார். "கம்பெனியில வெட்டினது நான் சார். நீங்க ஏசி ரூம்ல மீட்டிங்தானே போட்டீங்க" என்றேன்.

அதன் பிறகு பட்டியலில் கையெழுத்துக் கேட்டார்கள். பதினான்காவது அட்டைக்கு எதிரே துளை இல்லை என்று எழுதாமல் போட மாட்டேன் என்றேன். ஆணையர், "ஆட்சேபணை இருந்தா கோர்ட்ல சொல்லுங்கம்மா" என்றார். "இது ஆட்சேபணை இல்ல சார். கண்ணுக்கு முன்னாடி இருக்கிறது" என்றேன். இருபது நிமிடம் கழித்து, ஓரத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். அதன் பிறகே நான் கையெழுத்திட்டேன். பதினான்கு அட்டைகளையும் ஒரே பெட்டியில் வைத்து முத்திரையிட்டார்கள்.

அந்த ஒரு அட்டையைக் காட்டித்தான் என்னுடைய பதின்மூன்றையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை புதிதாக வரையவும் அதே உத்தரவில் தடை. எங்களுக்கு ஆர்டர் கொடுத்த மருத்துவமனைக்கு இருபதாம் தேதிக்குள் காலணி போகாவிட்டால் அந்த ஆர்டரைக் கம்பெனிக்கே கொடுத்துவிடுவார்கள், பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. கையெழுத்துக்கு மேல் இதையும் எழுதச் சொன்னேன்: மேலாளரை இன்றே கூப்பிட்டு விசாரியுங்கள். எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு இன்றே எழுதுங்கள். அதன் நகலை என் கையில் கொடுங்கள், வாங்கிக்கொண்டுதான் போவேன். எப்போது தருவீர்கள்?

(கையெழுத்து)