கொலுசு போட்ட மயில்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ். மாகறல் தாண்டியதும் எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“எனக்கு அந்த டிசைனர் வேல வாணாம்டி. உன் மயில அங்க பாத்தேன்.”

“இன்னா மயிலு?”

“போன மாசம் நீ இன்டர்வியூக்குப் போனப்போ, டெஸ்ட்டுன்னு முந்தானைக்கு வரையச் சொன்னாங்களே, அதான். தறியில ஓடிக்கினு கீது.”

“நல்லா இல்லன்னுதான என்ன அனுப்பிட்டாங்க? வேற யாராச்சும் வரைஞ்சதா இருக்கும்.”

“மயிலு கால்ல கொலுசு மாட்டி வுடறதுக்கு உன்ன வுட்டா யாரு கீறா?”

தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னிக்கு என்னையும் அன்னம் வரையச் சொன்னாங்க. பாதி வரைஞ்சிட்டு, தண்ணி குடிக்கலாம்னு தறிப் பக்கம் போனேன். பாத்ததும் திரும்பி வந்து கம்ப்யூட்டர்ல மொத்தத்தயும் அழிச்சிட்டுக் கெளம்பிட்டேன்.”

“ஐயோ, மேனேஜரு திட்டலியா?”

“செலக்ட் பண்றதுக்குள்ள எங்கம்மா போறன்னு கேட்டாரு. நான் செலக்ட் பண்ணி முடிச்சிட்டேன் சார்னு சொல்லிட்டேன்.”

எனக்கு அந்த மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஸ்டாப் வந்ததும் இருவரும் எழுந்தார்கள். படிக்கட்டுக்குப் போகும்போதுதான் தோழி மெதுவாகக் கேட்டாள்:

“பொடவைல எப்டிடி கீது?”

“கண்ண எடுக்க முடியலடி.”