பதினேழாவது பாட்டில்

என் எழுத்து அழகாக இருக்கும். பூங்காவில் செடிகளுக்கு முன்னால் நட்டிருக்கும் பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. அதனால் நீங்கள் காகிதத்தை நீட்டி, "நடந்ததை உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்க" என்றபோது எனக்குச் சிரமமாக இல்லை. உதவித்தொகைப் படிவத்திலும் ஏறக்குறைய இதையேதான் கேட்பார்கள். ஒன்பது தடவை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். யாரும் முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. நீங்களாவது படிப்பீர்கள், அது உங்கள் வேலை.

பொதுப் பூங்காக்களில் வேலை செய்கிறவர்களின் தொழில் திறனை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வருடத்துக்கு ஒருவரைப் பொறுக்கி எடுத்து, பெரிய தாவரவியல் பூங்கா ஒன்றுக்கு எட்டு மாதம் படிக்க அனுப்புவார்கள். திரும்பி வந்தால் பதவி உயர்வு. படிவத்தில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். எங்கே காண்பது? இதே கண்ணாடிக்கூடத்தில், இதே ஒழுகும் குழாயடியில்தான். ஆனால் அப்படி எழுதக் கூடாதாம், கனவை எழுத வேண்டுமாம். ஒன்பது வருடம் கனவு எழுதினேன். ஒரு வருடம், களைக்கும் நாற்றுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு ஆள் போனார். எட்டு மாதம் கழித்து ஒரு தொப்பியோடு திரும்பி வந்தார். அந்தத் தொப்பிதான் இன்று எங்கள் இயக்குநர்.

விண்ணப்பிக்க வயது வரம்பு நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்தாறு ஆன வாரம் தொப்பி என்னைக் கூப்பிட்டார். "உங்க அனுபவம் வீணாப் போகக் கூடாது பாருங்க. இனிமே இங்க தேர்வை நீங்களே நடத்திக் குடுத்துடுங்க" என்றார். பந்தியில் இடம் கிடைக்காதவனிடம் கரண்டியைக் கொடுத்துப் பரிமாறச் சொல்கிற பெருந்தன்மை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்வு எளிமையானது. செடிகளுக்குத் தொட்டி மாற்றும் கொட்டகையில் நீள மேசை. அதன்மேல் தண்ணீர் ஊற்றிய இருபது பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கிளை. பூ இருக்காது, பலகை இருக்காது. பார்த்து, முகர்ந்து, தடவி, பெயரை எழுத வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. பூங்காவுக்குள் எங்கே வெட்டினாலும், விஷச்செடியின் கிளை என்றால் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்க வேண்டும். விதியைக் கொண்டுவந்ததே நான்தான். எதையோ வெறுங்கையால் வெட்டிய ஒருவருக்குக் கையெல்லாம் கொப்புளம் வந்த பிறகு கொண்டுவந்தேன். இந்த ஏழு வருடத்தில் யாரும் மீறியதில்லை. நூல் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

இனி நாக்கைப் பற்றி. அது அவளுக்குப் பூங்காவில் வைத்த பெயர். தினக்கூலிக்குக் களை பிடுங்க வந்தவள், பன்னிரண்டு வருடத்தில் நாற்றுப்பண்ணைப் பொறுப்புக்கு வந்துவிட்டாள். எந்தச் செடியானாலும் இலை நுனியை முன்பல்லால் கடித்து, மென்று, துப்பிவிட்டுப் பெயரைச் சொல்வாள். நூறு தடவை கண்டித்திருக்கிறேன். "பாத்தா எல்லாம் பச்சையாத்தான் சார் இருக்கு. கடிச்சாத்தான் யாருன்னு தெரியுது" என்பாள். இதை அறிவியல் என்று சொல்ல முடியாது. ஆடுகூட இதைத்தான் செய்கிறது.

மூன்று வருடம் முன்பு வேறு பூங்காவிலிருந்து ஒரு குழு வந்தது. பதினான்கு வருடமாக என் பலகையோடு நின்ற ஒரு மரத்தை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் போகிற போக்கில் ஒரு இலையைக் கிள்ளிக் கடித்தாள். "சார், இது அது இல்ல. அதோட தம்பி" என்றாள். குழு சிரித்தது. தொப்பியும் சிரித்தார், அவருக்கு அண்ணனும் தெரியாது தம்பியும் தெரியாது. பரிசோதனைக்கு அனுப்பினோம். அவள் சொன்னதுதான் சரி என்று வந்தது. நான் கோபப்படவில்லை. அன்றைக்கே புதுப் பலகை எழுதி வைத்தேன். எழுத்து முன்னதைவிட நன்றாகவே வந்தது.

இந்த வருடம் மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். புல்தரைக்காரர், விதைக்கிடங்கு எழுத்தர், அவள். அவளுக்கு நாற்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது, இதுதான் கடைசி வாய்ப்பு. பரிந்துரைக் கடிதம் கேட்டு என்னிடம்தான் வந்தாள். நல்ல கடிதமாகவே கொடுத்தேன், கேட்டுப் பாருங்கள். "கெடைச்சா என் பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாமாம் சார். நான் படிக்கிறத அவ பாக்கணும்" என்றாள். ஐம்பது வார்த்தை சேர்த்து எழுதத் தெரியாது. கனவுக் கேள்விக்கு, 'இன்னும் நிறைய இலை தெரிந்திருக்கும்' என்று ஒரே வரி எழுதியிருந்தாள். தேர்வுக்குழுவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் ஒன்பது கட்டுரைகள் பிடிக்காத அதே குழுவுக்கு.

கண்ணாடிக்கூடத்தின் பின்னால் பூட்டிய கம்பிக்கூண்டில் ஒரு செடி இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன், நாலு பேர் தேடிப் போவார்கள். அதன் இளந்தளிர் சாதாரண வேலிச்செடி ஒன்றின் தளிர் மாதிரியே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது. அன்று காலை பதினேழாவது பாட்டிலில் அதை வைத்தேன். மற்ற இருவரும் கடிக்கிறவர்கள் இல்லை, அவர்களுக்கு ஒரு ஆபத்தும் வராது என்று உறுதி செய்துகொண்டுதான் வைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு நேர்காணல். வயிறு கலங்கி அவள் அதற்குப் போகாமல் இருந்தால் போதும். கெட்ட பழக்கம் ஒன்றும் தொலையும்.

கடித்தாள், மென்றாள், துப்பினாள். கொஞ்ச நேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏதோ எழுதினாள். வேலை அங்கியின் ஓரத் தையலிலிருந்து ஒரு நூலை உருவி அந்தக் காம்பில் கட்டினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது மூன்றையும் முகர்ந்து பார்த்தே எழுதி முடித்தாள். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பதினேழுல ஒண்ணு எழுதியிருக்கேன் சார். யார்கிட்டயும் சொல்லல, குழுவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. கொஞ்சம்தான் கடிச்சேன். தண்ணி குடிச்சா போதுமில்ல?"

"போதும். போய் டீ குடி" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு நாற்றுப்பண்ணையில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன், வண்டியில் என் மடியில்தான் தலை. அவளுக்கு நினைவில்லை. என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் மூன்று தடவை கேட்டார். தெரிந்தால் மாற்று மருந்து கொடுக்கலாம், நேரம் இருக்கிறது என்றார். தாள் என் சட்டைப்பையில் இருந்தது. சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் தேர்வு ரத்தாகும், மற்ற இருவரின் உழைப்பு வீணாகும். தேர்வு நடத்துகிறவன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வேலை உடையோடு ஓடிவந்தார். "காலைல வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவள் படிக்கட்டும் என்று அன்று அவர்தான் சமைத்தாராம். முட்டை கொஞ்சம் பழசோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. நீங்கள் வருகிற வரை, மூன்று வாரமாக, அவர் அந்த முட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் நீங்கள் வந்திருக்கவே மாட்டீர்கள். விடைத்தாளை ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, கோப்பில் வைத்தேன். தொப்பியாக இருந்தால் கிழித்திருப்பார். பதினேழுக்கு நேராக அவள் எழுதியிருந்ததை நீங்களும் படித்தீர்கள். பெயரைச் சரியாக எழுதிவிட்டு, கீழே, 'நூல் கட்ட மறந்துட்டீங்க சார். சிவப்பு கிடைக்கல, நீலம் கட்டியிருக்கேன்' என்று எழுதியிருந்தாள். பூங்காவில் அவள் அதுவரை கடித்துப் பார்க்காத செடி அது ஒன்றுதான். நாக்குக்குப் பழகாத ருசி என்பதாலேயே கண்டுபிடித்தாள்.

மறந்துவிட்டேன் என்று நம்பித்தான் போனாள். நான் மறக்கவில்லை. வெட்டியதும் பழக்கத்தில் என் கை சிவப்பு நூலைக் கட்டிவிட்டது. கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து அவிழ்த்தேன். என் முடிச்சு இறுக்கமாக இருக்கும், நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. வயிறு கலங்குவதோடு நின்றுவிடுகிற செடி இல்லை அது. கூண்டில் தொங்குகிற எச்சரிக்கையை எழுதியவனே நான்தான்.

பொறாமையில் செய்தேன் என்று உங்கள் உதவியாளர் குறித்துக்கொண்டதைக் கவனித்தேன். அதைத் திருத்தச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போய், உட்கார்ந்து, அவள் தாளைத் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பார்த்துக்கொள்ளுங்கள், இருபதுக்கு இருபது போட்டிருக்கிறேன். பொறாமை பிடித்தவன் போடுவானா?