கட்டபெட்டுக்குப் போன பெட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் துணி காயாது. கொடியில் போட்டது மறுநாள் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். என் சட்டைகளை என் தங்கை சுகந்தி இஸ்திரி போட்டே காயவைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். நான் கேட்டதில்லை, அவளாகச் செய்வாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் பாண்டியராஜ். அப்பா சுடலைமுத்து வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் ஊழியர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது சுகந்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தி எதற்கு என்று விட்டுவிட்டேன். சுகந்திக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வரும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். வந்ததில்லை. ஆனால் அதைக் கேட்டதும் பின்வாங்குகிறவர்கள் நல்ல மனிதர்களா, நீங்களே சொல்லுங்கள்.

நான் வேலை பார்ப்பது ரெனிஷ் என்பவரின் சிறிய கம்பெனியில். கூடலூர்க்காரர். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது நான். இலை அரைக்கும் இயந்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். மேலே ஒரு மூடி. மூடி திறந்திருந்தால் உருளை சுற்றக் கூடாது. அதைக் கவனிப்பது பெட்டியின் பொறுப்பு.

எங்கள் மலையில் கரண்ட் போவது புதிதில்லை. போனால், பாதி அரைத்த இலை உருளைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். ஃபிட்டர் மூடியைத் திறந்து கையை விட்டு எடுப்பார். அந்த நேரத்தில் பெட்டி மட்டும் பேட்டரியில் விழித்திருக்கும். கரண்ட் திரும்பியதும், மூடி சாத்தியிருந்தால், உருளையைத் தானாகவே ஓட்டிவிடும். இலை கெட்டுவிடக் கூடாதென்று முதலாளிகள் கேட்டு வாங்கிய வசதி அது. கரண்ட் வரும்வரை புரோகிராம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் மூடியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும். அந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறோம்.

இதே பெட்டியில், இயந்திரத்தின் அதிர்வைக் கணக்குப் போட்டு பேரிங் தேய்வதை முன்கூட்டியே சொல்லும் வேலையையும் சேர்த்தோம். அது ஆமை வேகத்தில் ஓடியது. "பாண்டி, சிப்பு மாத்தாம ஸ்பீட் கூட்ட வழி உண்டோ?" என்று ரெனிஷ் கேட்டார். கம்பைலரோடு ஒரு பிளக்-இன்னைச் சேர்த்தேன். கம்பைலர் என்பது நாம் எழுதியதை சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது. இந்தப் பிளக்-இன் அதனோடு உட்கார்ந்துகொண்டு லூப்புகளை மட்டும் பிரித்துப் பார்க்கும், வீண் வேலையைக் களையும், திரும்பக் கோர்த்துவிடும். கணக்கு பறந்தது. ரெனிஷ் ஆபீசுக்கே வர்க்கி பிஸ்கட் வாங்கி வந்தார். அவர் எதையாவது வாங்கி வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் மூடியைப் பார்க்கும் லூப்பும் பிளக்-இன் கண்ணில் பட்டுவிட்டது. இந்த லூப்புக்குள் மூடியை யாரும் தொடவில்லையே, பிறகு எதற்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்று அது முடிவு செய்தது. வெளியே ஒரு மனிதன் நிற்கிறான், அவன் மூடியைத் திறப்பான் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் கரண்ட் போன நொடியில் ஒரே ஒரு முறை மூடியைப் பார்த்து, அதையே மனதில் வைத்துக்கொண்டது. அப்போது சாத்தியிருந்தால், அதற்குப் பிறகு யார் திறந்தாலும் அதன் கணக்கில் சாத்தியதுதான். இதைத் தடுக்க சி மொழியில் ஒரு வார்த்தை இருக்கிறது. வாலடைல் என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் புரோகிராமில் அந்த வார்த்தை இல்லை. பிளக்-இன் வருவதற்கு முன்பு அது இல்லாமலே சரியாக ஓடியதால் யாருக்கும் உறைக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளலாம். அதுவரைக்கும் கவனக்குறைவுதான்.

ரவிக்குமார் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே வரப்போகும் புதுப் பெட்டியைப் பழகிக்கொள்ள எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். மழை பெய்துகொண்டிருந்ததால் மதியச் சாப்பாட்டுக்கு நானே வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். எங்கள் வீட்டில் சுகந்தியைத் தவிர யாரும் தட்டைக் கழுவியதில்லை. அவள் அடுப்படி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, ரவி உங்ககிட்டப் பேசோணும்னு சொன்னாருங்க. கல்யாணத்தத் தை மாசம் வெச்சுக்கலாமான்னு அவிய அம்மா கேக்கறாங்க."

"எங்க இருப்பே?"

"கட்டபெட்டுலதானுங்க. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க."

"அப்ப நானு?"

"என்னங்கண்ணா, ஒரு பஸ்ஸு தூரம்," என்று சிரித்தாள்.

ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். அன்று நான் சாப்பிடவில்லை. அதை அவள் கவனிக்கவே இல்லை, போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரவிக்குமாரின் அம்மா பெயர் சின்னம்மை. சிலோனிலிருந்து வந்த குடும்பம், தோட்டத்து லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீட்டில் வளர்ந்தவர். அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டீர்கள். இல்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

அந்த வாரம்தான் சோதனை மேஜையில் வைத்து பெட்டி மூடியைப் பார்க்காமல் விடுவதைக் கண்டுபிடித்தேன். ரெனிஷிடம் சொல்லவில்லை, நானே வார்த்தையைச் சேர்த்துத் திருத்திவிட்டேன். அதற்குப் பிறகு கோத்தகிரிக்கும் ஓவேலிக்கும் போன பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கரண்ட் வந்து போய் எத்தனை கூத்தடித்தாலும் அங்கே யார் கைக்கும் ஒன்றும் ஆகாது. நான் பொறுப்பில்லாதவன் இல்லை. கட்டபெட்டுக்குப் போன பெட்டிக்கு மட்டும் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு கம்பைல் செய்தேன். பெட்டியை மூடியதும் ஆபீசில் இருக்கும் புரோகிராமில் அந்த வார்த்தையைப் பழையபடி சேர்த்துவிட்டேன். உங்கள் நிபுணர் எங்கள் புரோகிராமைப் படித்துவிட்டுக் குற்றமில்லை என்றாராம். அவர் படித்ததில் குற்றமில்லைதான். அந்தப் பெட்டியின் சிப்புக்குள் இருப்பது வேறு.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பக்கத்துப் பழைய ஃபிட்டர்கள் மூடியைத் தொடுமுன் மெயினிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஃபியூஸ் பையில் இருக்கும்வரை கை பத்திரம். ரவிக்குமாரும் அப்படித்தான். பெட்டியை மாட்டப் போன அன்றும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் எனக்கு மூடியைத் திறந்துவிட்டார். வேலை முடிந்ததும் டீ குடித்தோம். "ஃபியூஸப் புடுங்கிட்டா கரண்ட் வந்ததும் மிஷின் தானா ஓடாதுங்க மாப்ள. அப்புறம் இந்தப் பெட்டி எதுக்கு?" என்றேன். அவர் தயங்கினார். "எங்கூட்டுப் பொண்ணையே உங்கள நம்பிக் குடுக்கறேன். நான் செஞ்ச பெட்டிய நீங்க நம்ப மாட்டீங்களா?" என்றேன்.

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணே. இனிமேப் புடுங்கமாட்டேன்," என்றார். பையிலிருந்த ஃபியூஸை எடுத்து என் முன்னாலேயே மெயினில் சொருகினார். மாப்பிள்ளை என்று நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

பிறகு நான் எதுவும் செய்யவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். தினமும் வேலைக்குப் போனேன், சுகந்தியோடு போய்ப் பட்டுப்புடவை எடுத்தேன். அரக்கு நிறம் அவளுக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னதும் நான்தான். கார்த்திகையில் ஒரு பகல் நேரத்தில் கட்டபெட்டில் கரண்ட் போனது. ரவிக்குமார் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தபோது திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பாடையின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன்.

உங்கள் நிபுணரும் பெட்டியில் குற்றமில்லை என்றதால், ஃபியூஸைப் பிடுங்காமல் கை வைத்தது அவருடைய தப்பு என்று தொழிற்சாலையில் பேசி முடித்துவிட்டார்கள். ரெனிஷும் அப்படியே நம்பினார். சுகந்தி மட்டும் நம்பவில்லை. காரியம் முடிந்த அன்று என்னிடம் கேட்டாள்.

"ஃபியூஸப் புடுங்க வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாமா?"

"சொன்னேன். பெட்டிய நம்பித்தான் சொன்னேன்."

துணிகளைப் பையில் அடுக்கினாள். சின்னம்மை ஒண்டியாக இருக்கிறார், அவரோடு இருக்கப் போகிறேன் என்றாள். தாலி ஏறாமலே ஒரு வீட்டில் மருமகளாகப் போய் உட்காருவது என்ன நியாயம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பின்னாலேயே பஸ் ஏறி, கட்டபெட்டில் அந்த அம்மாள் இருக்கும் லயத்துக்கும் போனேன். அவளைப் பார்த்ததும் "வாங்க மகள்," என்று சின்னம்மை கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் மட்டும் வெளியே வந்தார். "தம்பி, புள்ள வரமாட்டாளாம். இனிமே இங்கின வர வேணாம்னும் சொல்லச் சொன்னிச்சு," என்றார். அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு போன் செய்தாலும் சுகந்தி எடுப்பதில்லை. வீடு கிடக்கிற கிடப்பைச் சொல்லி முடியாது. யாரும் என்னைச் சந்தேகப்படாதபோது நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். செத்துப்போன மனிதர்மேல் பழி இருப்பது அவளுக்கு வேதனை. அதைத் துடைப்பது அண்ணன் கடமை. ரவிக்குமார் கவனக்குறைவால் சாகவில்லை. தெரிந்தே, யோசித்தே, நான்தான் கொன்றேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும். கோயம்புத்தூர் ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் யார் யார் என்று கேட்பார்களாமே. என் பட்டியலில் சுகந்தி பெயர் ஒன்று போதும். எனக்கு வேறு யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும். கட்டபெட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். வருவாள்.