பாடகரை மாற்றிய பேண்ட்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க மியூசிக் பேண்ட்லருந்து என்னை எடுத்துட்டு, என் பொண்டாட்டியச் சேத்துட்டாங்க தோஸ்த்” என்றார் ஜன்னலோரம் இருந்தவர், சிரித்துக்கொண்டே.

“இன்னாப்பா சொல்ற? ஆரம்பத்துலருந்து நீதான பாடுன?”

“எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஒரு நாள் அவ பாடுனா. நான் பாடுனா பறையும் கிட்டாரும் என்கூட போட்டி போட்டுக் கத்தும். அவ மெதுவாப் பாடுறவ. அதனால கிட்டாரக் கம்மி பண்ணி, புல்லாங்குழலுக்கு ஒரு ஆளச் சேத்தாங்க. நாட்டுப்புறப் பாட்டுல ஒவ்வொரு வார்த்தையும் இப்பதான் புரியுது.”

“உனக்குக் கஷ்டமா இல்லையா?”

“மொத நாள் இருந்துச்சு. அப்புறம் பள்ளிகொண்டாவுல நடந்த கச்சேரியில கூட்டத்தோட நின்னு கேட்டேன். நான் இருந்த வரைக்கும் எங்க பேண்ட் இவ்ளோ நல்லா இருந்ததே இல்ல.”