பின்சீட்டில் ஆறு மூட்டை சாமந்தி

— கார்க் கதவச் சாத்து ராணி, கொசு வருது. ம், இப்ப அந்தத் தாள்ல ஒரு கையெழுத்தப் போட்டுடு.

— மொதல்ல டீயக் குடிங்க, ஆறிடப் போவுது. கையெழுத்து எங்க ஓடிப்போவுது?

— நாளைக்குக் காலையில லாரிக்கார அர்ச்சுனன் ஓசூர்லருந்து வந்து இந்தக் காரை வெலைக்கு எடுத்து, கட்டி இழுத்துட்டுப் போயிடுவான். ஆர்.சி. புக்கு உம்பேர்ல இருக்குது. நீ போட்டாத்தான் வேலை ஆவும்.

— எம்பேர்ல வாங்குனா ராசின்னு நீங்கதான சொன்னீங்க? ராசியப் பாத்தீங்க இல்ல? ரெண்டே மாசம் ஓடுச்சு.

— ராசிய ஏன் இழுக்கற? வண்டி எப்பேர்ப்பட்ட வண்டி! பெங்களூர்ல ஒரு டாக்டரு வெச்சிருந்தது. ஒரு கீறல் உண்டா? பெட்ரோலும் கரண்ட்டும் மாத்தி மாத்தி ஓடற ஹைபிரிட்டு. சீட்டே முதுகு புடிச்சு விடும். பழைய வண்டிதான், ஆனா ரெண்டு வருசம் வாரண்டி. நல்லம்பள்ளி சுத்துப்பட்டுல எவங்கிட்ட இருக்குது, சொல்லு?

— எவங்கிட்டயும் இல்லைங்க. இருந்தாலும் எவனும் அதுல ஆறு மூட்டை சாமந்திய ஏத்த மாட்டான்.

— ஆரம்பிச்சிட்டியா!

— ஆரம்பிக்காம? தேர்த் திருநாளும் அதுவுமா...

— மினி வண்டி அச்சு முறிஞ்சி போச்சு, நான் என்ன பண்றது? அங்க கோயில்ல தேரு மொட்டையா நிக்குது. எங்கப்பா காலத்துலருந்து மாதா தேருக்குப் பூ நம்ம தோட்டத்துலருந்துதான் போவுது. பின்சீட்டு காலியாக் கெடந்துச்சு, ஏத்துனேன்.

— ஏத்துனது சரிங்க. அதுமேல ஒரு பக்கெட் தண்ணிய யாரு தெளிக்கச் சொன்னது?

— பூ வாடிடாதா? முப்பது வருசமா மூட்டைக்குத் தண்ணி தெளிச்ச கை. தன்னால போயிடுச்சு. அந்த சீட்டுக்கடியிலதான் பேட்டரி இருக்குது, அது மூச்சு வாங்கற ஓட்டை சீட்டு ஓரத்துல இருக்குதுன்னு எனக்கு எந்த மவராசன் சொன்னான்?

— பாவம், அது காத்துன்னு நெனச்சி நம்ம பூவ இழுத்துக்கிச்சு.

— ஆனாலும் கோயில் வளைவு வரைக்கும் போச்சு பாரு! அங்க வந்துதான் செவப்பா ஒரு முக்கோணம் எரிஞ்சி நின்னுச்சு.

— ஓடுனப்பவும் சத்தமில்ல, நின்னப்பவும் சத்தமில்ல. நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சிட்டுத் தலையக் குனிஞ்சி உக்காந்திருந்தீங்க. அந்தோணி பிரகாஷு உருகி ஜெபம் பண்றாருன்னு சனமெல்லாம் ஒதுங்கி நின்னுச்சு. சாமியாரு வேற தூரத்துலருந்தே ஆசீர்வாதம் குடுத்துட்டுப் போனாரு.

— சிரி, நல்லா சிரி. சேலத்து சர்வீஸ்ல அந்த ரஞ்சித்குமார் பையன் சீட்டக் கழட்டிட்டு என்னைப் பாத்தானே ஒரு பார்வை, அப்ப நீ இருந்திருக்கணும். அழுவுன சாமந்திய அள்ளி அள்ளிப் பேப்பர்ல கொட்டறான். போட்டோ எடுக்கறான். "அண்ணா, இது காரா, பூக்கடையா?"ன்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— தேர்க்காருன்னேன். சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே நாலரை லட்சத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டான். பேட்டரி புதுசா போடணுமாம். வாரண்டில வராதான்னு கேட்டா, தண்ணியும் பூவும் உள்ள போனா அது எங்க பொறுப்பில்லைங்கறான்.

— நாலரை லட்சம். ரெண்டு ஏக்கரு பூப் பறிக்கற கூலி அதுக்குள்ள அடங்கிடும்.

— அதனாலதான இழுத்துட்டு வந்து கொட்டாய்ல போட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு. அதிருக்கட்டும், நம்ம பொண்ணு ஷைனி கார் கம்பெனி பெரிய ஆபீசுக்கு எழுதிப் போட்டாளே, அதுக்குப் பதில் ஏதாச்சும் வந்துச்சா?

— அது... எனக்கெப்படிங்க தெரியும்?

— வண்டி உம்பேரு. குடுத்திருக்கறது உன் நம்பரு. போன் வந்தா உனக்குத்தான் வரும்.

— வரலைங்களே.

— மெசேஜு?

— அதுல தெனம் ஆயிரம் வருது. லோன் வேணுமா, வூடு வேணுமான்னு. எல்லாத்தையும் யாரு பாத்தா?

— சரி வுடு. வரலைன்னா வரலை. அதான் அர்ச்சுனனுக்கே தள்ளிவுட்டுடலாம்னு பாக்கறேன். போடு கையெழுத்த.

— இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்ங்க.

— போன மாசமும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின மாசமும் இதேதான். ஓடாத வண்டி கொட்டாய அடைச்சிட்டுக் கெடக்குது. பூ மூட்டை வெக்க எடமில்ல. உன் மாமியாகூட கேக்கறாங்க, இந்த வெள்ளானைய எப்படா ஓட்டிவுடுவேன்னு.

— அவங்களுக்கென்ன, சீரியல் ஓடுனா போதும்.

— உனக்கென்ன, அதச் சொல்லு. அஞ்சு மாசமா கெடக்கற இரும்பு மேல உனக்கு எதுக்கு இவ்ளோ பாசம்?

— நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— கேளு.

— இந்தக் காரு ஓடுன ரெண்டு மாசத்துல நான் இதுல எத்தன தடவ உக்காந்தேன்?

— ஏன், சேலம் போனோமே?

— ஒருக்கா. அதுவும் கண்ணாலத்துக்கு, பின்னாடி உங்க தங்கச்சிங்க ரெண்டு பேரோட. மத்த நாளெல்லாம் உங்க கூட்டாளிங்கதான். அஞ்சு மணியானா தர்மபுரி, ஞாயித்துக்கெழமைன்னா ஒகேனக்கல்லு. சீட்டு முதுகு புடிக்குமாம். எனக்கு அது எப்படிப் புடிக்கும்னே தெரியாது.

— அதுக்காக இப்ப...

— இருங்க, சொல்லி முடிச்சிடறேன். இது நின்னுபோன பெறகு ஒரு நாளு மழைல நீங்க கோவிச்சிக்கிட்டு வந்து இதுக்குள்ள உக்காந்தீங்க. நான் டீ கொண்டாந்தேன். மழை வுடல, நானும் உள்ள உக்காந்துட்டேன். நெனப்பிருக்குதா?

— இருக்குது. ஓட்டு மேல கல்லு கொட்டற கணக்கா பேஞ்சுது.

— அன்னைக்கிருந்து தெனமும் வர்றோம். அஞ்சு மணிக்குக் கதவச் சாத்துனா ஆறு மணி வரைக்கும் நீங்களும் நானுந்தான். செல்போனை வூட்டுலயே வெச்சிட்டு வர்றீங்க. கல்யாணமாயி இருவத்தேழு வருசத்துல நீங்க சின்ன வயசுல ஆத்துல முழுவப் பாத்த கதைய இந்த சீட்டுலதாங்க சொன்னீங்க. வூட்டுக்குள்ள டிவி, உங்க தம்பி புள்ளைங்க, வர்றவங்க போறவங்க... அங்க நாம பேசனதெல்லாம் உப்பு தீந்துபோச்சு, கரண்ட் பில்லு வந்துடுச்சு, அவ்ளோதான?

— ராணி, கண்ணைத் தொடச்சிக்க.

— தொடச்சிக்கறேன். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. மாதா மேல ஆணையா தப்புதான். திட்டறதுன்னா திட்டிடுங்க.

— என்ன பண்ணுன?

— பெரிய ஆபீசுலருந்து பதில் வந்துடுச்சு. போன மாசமே. திருநாளுக்குப் பூக் கொண்டு போனதால இந்த ஒரு வாட்டி மன்னிச்சி, வாரண்டிலயே புதுப் பேட்டரி மாட்டித் தர்றாங்களாம். ஒத்தப் பைசா வேணாமாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பணும். நான் அனுப்பல.

— ஏன்?

— வண்டி சரியாயிட்டா நீங்க ஓட்டிக்கிட்டுப் போயிடுவீங்க. அதான். அப்பாகிட்ட மூச்சு வுடாதடீன்னு ஷைனிகிட்டகூட சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன். இப்ப நீங்க அடிமாட்டு வெலைக்குத் தள்றேங்கறப்ப மனசு கேக்கல. நாலரை லட்ச ரூபா சமாச்சாரம், எனக்குப் பயமா இருக்குது.

— கண்ணாடிய எடுத்துப் போடு.

— எதுக்குங்க?

— கையில இருக்கற தாள மொதல்ல படி. படிக்காமயே கையெழுத்துக்கு மட்டும் ஒரு மாசம் டைம் கேக்கற.

— இங்கிலீசுல இருக்குது... "ஃப்ரீ... ஆஃப்... காஸ்ட்." கீழ "பேட்டரி"ன்னு போட்டிருக்குது. ஏங்க, இது விக்கற தாளு இல்லையே?

— இல்ல.

— அப்ப அர்ச்சுனன்?

— அவனுக்கு இந்தச் சமாச்சாரமே தெரியாது. ஓசூர்ல அவம்பாட்டுக்குத் தக்காளி லோடு ஏத்திக்கிட்டிருப்பான். நாளையோட கெடு முடியுது, விக்கறேன்னு சொன்னா நீயே சொல்லுவியான்னு பாத்தேன்.

— அடப் பாவி மனுசா! இது உங்க கைக்கு எப்ப வந்துச்சு? மடிப்பெல்லாம் இத்துப்போயி கெடக்குதே?

— உனக்கு வந்த அன்னைக்கே ஷைனி எனக்கும் தாள்ல எடுத்து அனுப்பிட்டா. முப்பது நாளா என் சட்டைப் பையிலதான் கெடக்குது ராணி. வண்டி சரியாயிட்டா நீ டீய வூட்டுலயே குடுத்துட்டு அடுப்படிக்குள்ள போயிடுவியேன்னு, நானுந்தான் வாயத் தொறக்கல.