பவுடர் வக்கீலின் கோட்டுப் பொத்தான்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கும் பவுடர் கம்பெனியின் மூத்த வழக்கறிஞர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், நம்மை விட்டுப் போனவளுடைய கணவரே, மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. ஆம், இரங்கல் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் சொல்கிறேன்! மாடிப்படி வரைக்கும் ஆள் நிற்கிறது. நாளைக்கு நான் போனால் இத்தனை பேர் வருவீர்களா? தலைவர் வருவார், அவருக்கு வேறு வழி இல்லை. மற்றவர்கள்? தலையை ஆட்ட வேண்டாம், எனக்குத் தெரியும்.

அவள் வயதில் என்னைவிட இளையவள். சபை மரியாதைக்காக ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே கட்டடத்தில், ஒரே நடையில், எதிரெதிர் அறையில் இருந்தோம். என் அறையில் ஏசி உண்டு, தோல் சோபா உண்டு. அவள் அறையில் ஆடுகிற பெஞ்சு ஒன்று. ஆனால் படியேறி மூச்சு வாங்க வருகிறவர்கள் யாரைக் கேட்டார்கள்? என் கதவைத் தட்டி, “பவுடர் வக்கீல் ரூம் எதும்மா?” என்று என்னிடமே கேட்டார்கள்! தினமும் வழிகாட்டியே என் கை ஓய்ந்தது.

பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். ‘பவுடர் வக்கீல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரை வைத்தது யார்? நான்தான்! அவள் முதல் வழக்கை எடுத்தபோது, “முகத்துக்குப் பூசுற பவுடர்ல வழக்கா? நாளைக்குக் கண்மைக்கும் கேஸ் போடுவா பாருங்க” என்று கேன்டீனில் நான் விட்ட கிண்டல் அது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுவாரமே அதைத் தன் கதவில் எழுதி ஒட்டிவிட்டாள். நான் வைத்த பெயரில் அவள் பேர் வாங்கினாள். பொறாமைப்படாமல் இருக்க முடியுமா?

அந்த முதல் வழக்கு ஓர் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுடையது. வாழ்நாள் முழுக்கக் குளித்ததும் கழுத்திலும் அக்குளிலும் பவுடர் போட்டவர். நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் புற்றுநோய். அது பெரும்பாலும் கல்நார்த் தூசியால், அதாவது ஆஸ்பெஸ்டாஸால் வருவது. பவுடர் செய்கிற டால்க் கல்லும் இந்தக் கல்நாரும் பூமிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. தோண்டும்போது ஒன்றோடு ஒன்று கலந்துவிடுவதுண்டு. நோயோ பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் பவுடரும் தீர்ந்திருக்கும், கடையும் மூடியிருக்கும். “எங்க பவுடரைத்தான் பூசுனீங்கன்னு என்ன ஆதாரம்?” என்று கம்பெனி கேட்கும். இந்தக் கேள்வியில்தான் எங்களில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் வழக்கைக் கைகழுவினோம்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? நர்ஸம்மா வீட்டுக்குப் போனாள். பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அம்மா, கோட்டுப் பொத்தான் கழண்டு போச்சு. ஊசி நூல் இருக்குமா?” என்றாள். உள்ளேயிருந்து என்ன வந்தது? மூடியைப் பெயர்த்தெடுத்த பழைய பவுடர் டப்பா, கம்பெனி பெயரோடு! உள்ளே ஊசி, நூல்கண்டு, இரண்டு ஹூக்கு. தகர டப்பாவை எந்த வீட்டில்தான் தூக்கிப் போடுகிறார்கள்?

நீதிமன்றத்தில் கம்பெனிக்காக நம் மூத்த வழக்கறிஞர் எழுந்தார். “ஊசி நூல் போட்டு வெச்ச டப்பா. அதுல இருக்கிற தூசி நூல்ல இருந்து வந்ததா, வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில இருந்து வந்ததா, யாரு கண்டா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் பின்வரிசையில் உட்கார்ந்து, மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் குதித்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “ஐயா, டப்பாவோட விளிம்பு மடிப்பை வெட்டிப் பாக்கச் சொல்லுங்க. தகரத்தை மடிச்சு அடிச்ச இடுக்கு அது. ஊசி முனைகூட உள்ள போகாது. உள்ள போனது முதல்ல அடைச்ச பவுடர்தான்.” வெட்டினார்கள். மடிப்பில் பவுடர் கெட்டியாக இருந்தது. ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் கல்நார் இழை தெரிந்தது. ஐயா, அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கும் எனக்கு நினைவிருக்கிறது!

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? எனக்கும் ஒரு பவுடர் வழக்கு வந்தது. என் கோட்டுப் பொத்தானையும் பிய்த்துக்கொண்டு போனேன். “ஊசி நூல் இருக்குமா?” என்றேன். வந்தது பிஸ்கெட் டப்பா! உடனே எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் ஆத்திரத்தோடு சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்கா, டப்பாவைப் பாத்ததும் ஏன் எந்திரிச்சீங்க? அவங்க தச்சு முடிக்கிற வரைக்கும் உக்காரணும். தைக்கும்போதுதான் பேசுவாங்க. புள்ளைக்கு எப்பப் பூசினோம், எந்த டப்பால ஹேர்பின் கிடக்குது, எதுல ஆணி போட்டு வெச்சிருக்கோம், எல்லாம் அப்பத்தான் வரும்” என்றாள்.

உட்காருவது! அவளுடைய வித்தையெல்லாம் அவ்வளவுதான். என்னால் முடியாததும் அதுதான். அவள் கோட்டைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு நிற நூலில் இருக்கும். பச்சை, மஞ்சள், ஒன்று ரோஸ். நீதிபதிகள்கூட முகம் சுளித்தார்கள். அவளா மாற்றுவாள்?

போன வாரம் காலையில், தலை சீவிக்கொண்டிருந்தபோது அவள் இதயம் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து அவள் கணவர் ஒரு வழக்குக் கட்டோடு என் அறைக்கு வந்தார். “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எதிர் ரூம் அக்காகிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருக்கா” என்றார். எத்தனையோ பேர் இருக்க ஏன் நான் என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார்: “‘அக்காவுக்கு எம்மேல பொறாமை. என்னைவிட நல்லா செய்யணும்னே உயிரைக் குடுத்துச் செய்வாங்க’ன்னு சொன்னாம்மா.”

பெருமக்களே, என்னை இதைவிட யாராவது புரிந்துகொண்டிருக்கிறார்களா? அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வழக்கு, இதோ மூன்றாவது வரிசையில் ஆக்ஸிஜன் குழாயோடு அமர்ந்திருக்கிற அழகு நிலையத்து அம்மாவுடையது. வாடிக்கையாளர் கழுத்தில் முடி ஒட்டாமலிருக்க நாள் முழுக்கப் பவுடர் தட்டியவர். திங்கட்கிழமை அவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் வாயால் சொன்னால்தான் வழக்கு நிற்கும். நம் மூத்த வழக்கறிஞர் சற்று முன் கண் கலங்கச் சொன்னார்: மறைந்தவருக்கு மரியாதையாக மூன்று மாதம் வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்கப் போகிறாராம். ஐயா, மூன்று மாதம் அந்த அம்மாவிடம் இருக்கிறதா? இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த மரியாதை எங்களுக்கு வேண்டாம்! திங்கட்கிழமை நாங்கள் வருகிறோம். நீங்களும் வாருங்கள்.

நேற்று அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய பவுடர் டப்பா ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆனாலும் வாசலில் நின்று என் கோட்டுப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் மூச்சு வாங்கி வாங்கித் தைத்தார். பாதியில் நிறுத்திப் பேசினார், பேசிவிட்டுத் தைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. முடித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவங்க மாதிரி நீங்க சிரிச்சுப் பேசலம்மா. ஆனா உங்களுக்குக் கோவம் நல்லா வருது. திங்கக்கிழமைக்கு அது போதும்” என்றார்.

தங்கையே, நீ தொடங்கியதை முடிப்பேன், உன்னைவிட நன்றாகவே முடிப்பேன். ஜெயித்தால் பவுடர் வக்கீல் ஜெயித்தாள் என்றுதான் ஊர் சொல்லும். சொல்லட்டும், அந்த வயிற்றெரிச்சலையும் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பொத்தானைப் பார்த்துக்கொள். அந்த அம்மா சிவப்பு நூலில் தைத்திருக்கிறார். உன் கோட்டை உன் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு உன்னிடம் இல்லை.